வாய்க்காக ஒரு ஜெபம்

கர்த்தருக்குள் என் அன்பானவருக்கு,

கடையில தையல் மெஷினை ஓரங்கட்டிட்டு எழுதுறேன். பயப்படாதீங்க, நல்ல செய்திதான்.

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு முழுக்குப் போட்டுட்டேன். நீங்க இருக்கிற இடத்தோட பேரை நான் எந்தக் கடிதத்துலயும் எழுதினதில்லை. கூட்டத் தலைவியம்மாதான் வாராவாரம் மைக்கில சொன்னாங்க: "ஜெயில்ல இருக்கிற சகோதரருக்காக ஜெபிப்போம்." போன மாசம் உங்க வழக்கு விவரமும் ஜெபக் குறிப்பாயிடுச்சு. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாங்க.

நான் எழுந்து நின்னேன். "என் வீட்டுக்காரரை ஆண்டவர் பார்த்துக்குவார். இந்த வாரம் நம்ம வாய்க்காக ஜெபிப்போம்"னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே வந்துட்டேன். உங்க முன்னாடி வாயே திறக்காத நானேதான்!

பின்னாலேயே இன்னொரு செருப்புச் சத்தம் கேட்டுச்சு. நம்ம சபைக்கு வர்ற, பஸ் கண்டக்டரா வேலை பார்க்கிற தங்கச்சி.

"அக்கா, எனக்கு அழகா ஜெபிக்க வராது. சும்மா கூட உட்காரட்டுமா?"ன்னு கேட்டா.

அன்னையிலேருந்து டூட்டி முடிஞ்சதும் காக்கிச் சட்டையோடவே கடைக்கு வந்து என் பக்கத்துல முழங்கால் போடுறா. ரெண்டே வரிதான் ஜெபிப்பா. எனக்குத் தூக்கம் திரும்பி வந்துடுச்சு. இங்க பேசுறது இந்த வாசலைத் தாண்டுறதில்லை. நீங்க என்ன செஞ்சீங்கன்னு அவ ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திங்கட்கிழமை நீங்க விடுதலையாகி வர அந்தப் பெரிய கதவு திறக்கும்போது நாங்க ரெண்டு பேரும் எதிர்ல நிற்போம். அவ லீவு போட்டாச்சு, பிளாஸ்கையும் கழுவி வெச்சாச்சு. நேத்துதான் முதல் தடவையா உங்களைப் பத்தி ஒரு கேள்வி கேட்டா:

"அக்கா, அண்ணனுக்கு டீயில சர்க்கரை எவ்வளவு?"

நிறையப் போடச் சொல்லியிருக்கிற,
உங்கள் மனைவி