இளமாறனின் முழங்கால்

டிசம்பர் 8, ரிச்சர்ட்சன், டெக்சாஸ்

கோயிலில் மரகதம் ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். "பையன் இன்னும் ஜப்பான்ல அந்தக் குஸ்திதானா?" குஸ்தி இல்லை ஆன்ட்டி, சுமோ என்றேன். "ரெண்டும் கோமணந்தானே" என்றார். சிரித்து வைத்தேன். இங்கே பிறந்த பிள்ளை, இருபத்திரண்டு வயது, நூற்று நாற்பது கிலோ. டோக்கியோவில் ஒரு சுமோ கூடத்தில் மூன்று வருடமாக மூத்தவர்களுக்கு முதுகு தேய்த்து, சமைத்துப் போட்டுப் பயிற்சி எடுக்கிறான். இதை யாருக்கென்று விளக்க?

டிசம்பர் 13

இளமாறன் எம்ஆர்ஐ படங்கள் அனுப்பியிருக்கிறான். கூடத்தில் யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய் எடுத்தது. ஆஸ்பத்திரியில் தினமும் இருபது முழங்கால் ஸ்கேன் பார்க்கிறவள் நான். மூன்றாவது படத்திலேயே தெரிந்துவிட்டது. ஜவ்வு முக்காலே மூணு வீசம் அறுந்திருக்கிறது.

உடனே கூப்பிட்டேன். "கண்ணு, இந்தக் காலோட நீ களத்துல நிக்கவே கூடாது. மாஸ்டர்கிட்ட சொல்லிடு."

"நோ அம்மா. டோன்ட் டெல் எனிபடி. ப்ராமிஸ் மீ."

சுமோவில், களத்தில் இறங்காத ஒவ்வொரு ஆட்டமும் தோல்விதான். தரவரிசையில் சரிந்துகொண்டே போவான். ஜனவரிப் போட்டியில் ஏழில் நான்கு ஜெயித்தால் அடுத்த பிரிவு. பனியிலும் மரச்செருப்போடு நடக்கிற கடைநிலைக் கூட்டத்திலிருந்து மேலே வந்துவிடுவான். மூன்று வருடமாக அவன் கேட்பது அது ஒன்றுதான்.

சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டேன். டாக்டரா கொடுத்தது? அம்மாவா? இரண்டு பேருமே கொடுத்திருக்கக் கூடாது.

டிசம்பர் 14

இவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஃப்ளைட்டில் போய் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். அதுதான் சரி என்றும் தெரிகிறது.

ஜனவரி 23

மாலை ஏழு மணிக்கு இவரும் நானும் லேப்டாப் முன்னால். அங்கே மறுநாள் காலை. மூன்று வெற்றி, மூன்று தோல்வி, இது கடைசி ஆட்டம். முட்டியில் தடிமனாக வெள்ளைக் கட்டு. "எல்லாரும் கட்டறதுதான் புள்ள, சும்மா சப்போர்ட்டுக்கு" என்றார் இவர். எட்டே செகண்டில் தள்ளி ஜெயித்துவிட்டான். இடது காலில் பாரம் வைக்காமல் இறங்கினான். இவர் அதைக் கவனிக்கவில்லை, கைதட்டிக்கொண்டிருந்தார்.

நானும் தட்டினேன். வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 25

புதுத் தரவரிசை வந்துவிட்டது. மேலே போய்விட்டான். புதுச் செருப்பின் படம் மட்டும் அனுப்பியிருக்கிறான்.

மார்ச் 2

மாஸ்டருக்கு ஒரு மெயில் போட்டால் போதும். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன்.

அழித்தேன்.

மார்ச் 11

விழுந்துவிட்டான். எதிராளி சரியாகத் தள்ளக்கூட இல்லை. கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். சுமோக்காரர்களுக்கென்றே செய்த பெரிய சக்கர நாற்காலியில் தூக்கி வைத்தார்கள்.

"என்னாச்சு புள்ள? நீ டாக்டர்தானே, சொல்லு."

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். எழுந்து போய்விட்டார். ஐயோ கண்ணு, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன் — சத்தியமாம், பெரிய சத்தியம்.

மார்ச் 14

இவர் இன்னும் பேசவில்லை.

கூடத்தில் மாஸ்டரின் மனைவிதான் எல்லாப் பையன்களுக்கும் அம்மா. வீட்டாரிடம் பேசுவதும் அவரே. அவருக்கு எழுதிவிட்டேன். டிசம்பரிலேயே எனக்குத் தெரியும், மறைத்தது என் தப்பு என்று.

மார்ச் 16

பதில் வந்தது. ரொம்பப் பணிவான ஆங்கிலம். ஜனவரியிலேயே வீக்கத்தைக் கவனித்தார்களாம், ஓய்வெடு என்றார்களாம். "எங்கம்மா டாக்டர். படத்தைப் பார்த்துட்டாங்க, ஆடலாம்னு சொல்லிட்டாங்க" என்றானாம் இவன். தாயே டாக்டராக இருந்து அனுமதித்த பிறகு நாங்கள் எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறார். என்னைக் குறையே சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 19

இளமாறன் சுமோவை விட்டுவிட்டான். சுமோக்காரர்களுக்கே உரிய அந்தக் குடுமியை வெட்டிவிட்டார்கள். அது போனால் சுமோவுக்குத் திரும்பி வர வழி கிடையாது. வேண்டியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வெட்ட, கடைசி வெட்டு மாஸ்டருடையது. அழைப்பு எங்கள் இருவருக்கும்தான். இவர் மட்டும் போனார். நான் எந்த முகத்தோடு போக?

மே 6

ஊர் திரும்பிய இளமாறனுக்காக டல்லாஸில் அறுவை சிகிச்சை டாக்டரிடம் போனோம். நான் டூட்டியிலிருந்து நேராகப் போனேன், கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டையோடு. அவர் டிசம்பர் படத்தையும் மார்ச் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். டிசம்பரிலேயே நிறுத்தியிருந்தால் முட்டியைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அப்போது எந்த டாக்டரும் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

இளமாறன் என் பக்கம் திரும்பவில்லை. "நோ" என்றான். "நோபடி."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். இந்தத் தடவையும் நான் வாயைத் திறக்கவில்லை.