விமானம் போட்ட நாலு கோடு

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம்.

நானும் பேத்தியும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பதறாமல் படியுங்கள். அவள் இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். போன வாரம் தனியாக விமானம் ஓட்டப் போனவள் பாதியிலேயே திரும்பி வந்து இறங்கிவிட்டாள். "இன்ஜின் உதறுச்சு சார்" என்றாள். பயிற்சி வாத்தியார் தரையில் ஓட்டிப் பார்த்தார், உதறவில்லை. "நீ பயந்துட்டே. இனிமே தனியாப் பறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை சோறே தொடவில்லை.

பொறுக்காமல் நான் மெக்கானிக்கிடம் போய் நின்றேன். "கவலைப்படாதீங்க பாட்டி, பறக்கிறப்ப நடக்கிறதெல்லாம் பதிவாகும்" என்று விமானத்திலிருந்து நகமளவு கார்டு ஒன்றை எடுத்து வந்து, வாத்தியாரையும் நம் பேத்தியையும் அழைத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். நாலு சிலிண்டரின் சூடும் நாலு கோடாக ஓடியது. அவள் சொன்ன அதே நேரத்தில் ஒரு கோடு மட்டும் தொபுக்கென்று கீழே விழுந்திருந்தது. அந்த ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டதால்தான் இன்ஜின் உதறியதாம்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என்னோடதும்மா. நீ திரும்பினதுதான் சரி. நாளைக்கு வேற விமானம் தரேன், தனியாவே போ" என்றார். அந்த மெக்கானிக்கின் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தப் படத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கூடத்தில் மாட்டுங்கள். யார் கேட்டாலும், விழுந்தது இன்ஜினின் கோடு, நம் பேத்தி நேராகத்தான் வந்தாள் என்று சொல்லுங்கள்.

இங்கே குளிர். உங்கள் போர்வை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

குக்கர் கத்துகிறது.

உங்கள் பேத்தியின் பாட்டி