அண்டாவில் யாரும் இல்லை

14.9.1987, திங்கள்

கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது. மணிலாச் செடி பூ வைத்ததோடு நின்றுவிட்டது, கடலை பிடிக்கவில்லை. வெள்ளிமலைப் பக்கம் தினமும் மேகம் கூடி, மலைக்கு மட்டும் பெய்துவிட்டுக் கலைந்து போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் வருண ஜபம். கள்ளக்குறிச்சியிலிருந்து ஐயர்கள் வந்து, அண்டாத் தண்ணீருக்குள் கழுத்தளவு உட்கார்ந்து மழைக்கான மந்திரம் சொல்வார்கள். ஏற்பாடெல்லாம் பெரியப்பா சுப்புராயன், அவர்தான் தர்மகர்த்தா. நானும் ஓரமாக உட்கார்ந்து கூடவே சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அவுங்க வேலைடா. நீ பந்தக்காலு நட ஆளப் புடி."

இந்த மந்திரமெல்லாம் திருவண்ணாமலையில் சாதி கேட்காத ஒரு சாமியாரிடம் நான்கு வருஷம் கற்றுக்கொண்டது. புத்தகமே கிடையாது. அவர் ஒரு தடவை சொன்னால் நாங்கள் இரண்டு தடவை சொல்ல வேண்டும். குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அர்த்தமும் சொல்லித்தான் கொடுத்தார். கட்டி வைத்திருப்பதை அவிழ்த்துவிடு, தண்ணீரைத் திறந்துவிடு — அவ்வளவுதான் சாரம். இத்தனையும் பந்தக்கால் நடத்தான் போலிருக்கிறது.

17.9.1987, வியாழன்

சாலை மறியல் தொடங்கிவிட்டது. வேலையிலும் படிப்பிலும் எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு, ஒரு வாரம் வண்டி ஓடக்கூடாது. சங்கராபுரம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். பையன்களுக்கு முன்னால் நிற்பது பெரியப்பா மகன் தங்கதுரை. நானும் ஒரு கிளையை இழுத்துப் போட்டேன். கேட்பது நியாயம்தானே? எத்தனை காலத்துக்கு ஆபீஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது?

"எங்க பங்க எங்களுக்குக் குடு!" பெரியப்பா தொண்டை கட்டும்வரை கத்தினார்.

18.9.1987

ஐயர்களால் வர முடியாதாம். ரோட்டை மறித்ததும் நாம், இப்போது முழிப்பதும் நாம்.

19.9.1987, சனி

பெரியப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான் உக்கார்றேன் பெரியப்பா. எனக்கு முழுசாத் தெரியும்."

"தெரிஞ்சா போதுமா? அதுக்கு ஒரு பொறப்பு வோணும்டா. நம்ம வாயால சொன்னா, வர்ற மழையும் மலையோட நின்னுக்கும்."

"முந்தாநாளு ரோட்டுல பங்கு கேட்டீங்களே?"

"அது கெவருமெண்டுகிட்ட. இது சாமிகிட்ட. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கினு இருக்காத."

மைக்செட் பூமாலையிடம் மந்திரக் கேசட் இருக்கிறதாம். அதைப் போடுவதென்று முடிவாகிவிட்டது. "அதுல சொல்றவுங்களும் ஐயருங்கதான்" என்று எனக்குச் சமாதானம் வேறு.

டேப்ரிக்கார்டர் எந்தப் பிறப்பு? ஜப்பான்காரன் தொழிற்சாலையில் பிறந்தது. அதற்கு இருக்கிற யோக்கியதை சுப்புராயன் தம்பி மகனுக்கு இல்லை. மூச்சே விடாத ஒன்று மந்திரம் சொல்லலாம். நான் கூடாது. அடப் போங்கடா.

20.9.1987, ஞாயிறு

விடிந்ததிலிருந்து பெண்கள் இருக்கிற தண்ணீரையெல்லாம் மொண்டு வந்து அண்டாவை நிரப்பினார்கள். என் மனைவி கலையரசியும்தான். அண்டா நிறையத் தண்ணீர். உள்ளே யாரும் இல்லை. பக்கத்தில் ஸ்டூல் மேல் டேப். அதற்கு ஒரு முழம் பூ. ஊரே அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பாதியில் குரல் இழுத்துக்கொண்டே போய் நின்றுவிட்டது. கரண்ட் இல்லை. நம் பையன்கள் வெட்டிய மரம் ஒன்று கம்பிமேல் விழுந்ததாம்.

ஜபம் நடுவில் அறுந்தால் ஊருக்கு ஆகாது. பெரியப்பா கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"சிகாமணி... வுட்ட எடத்துலேருந்து சொல்றியா?"

ரோஷமுள்ளவன் திரும்பிப் போயிருப்பான். நான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

தண்ணீர் மோவாயைத் தொட்டது. முதல் வரி கரகரத்தது, பிறகு திறந்துகொண்டது. அண்டாவின் சுவரில் பட்டு என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. எந்த இடத்திலும் பிசகவில்லை. கண்ணைத் திறந்தபோது ஒரு பெரியவர் கைகூப்பி நின்றார். கலையரசி அழுதுகொண்டிருந்தாள். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அதற்குள் தங்கதுரை டிராக்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"போதும், ஏறி வா" என்றார் பெரியப்பா. பூமாலையிடம், "மொதல்லேருந்து போடு." அதோடு விட்டாரா? "அந்தத் தண்ணியக் கொட்டிட்டு வேற ஊத்துங்க."

சாய்த்துக் கொட்டினார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில், நான் உட்கார்ந்த தண்ணீர் என் காலடியிலேயே ஓடிற்று. கைகூப்பிய பெரியவர்தான் புதுத் தண்ணீரில் முதல் குடம் ஊற்றினார்.

கலையரசி குடத்தைக் கீழே வைத்தாள். "என்னால ஆவாது மாமா. வேற ஆள வச்சி மொண்டுக்குங்க" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு வூட்டுக்குப் போனாள். நான் ஈர வேட்டியோடு அங்கேயே நின்றேன். இன்னாத்துக்கு நின்னேன்? மறுபடியும் கரண்டு போவும்னா?

21.9.1987

எழுதப் பிடிக்கவில்லை.

23.9.1987, புதன்

மழை. மத்தியானம் பிடித்தது, இன்னும் விடவில்லை. பூமாலைக்குத் துண்டு போர்த்தினார்களாம். கேசட் பலித்துவிட்டதாம். என் மணிலாவும் பிழைத்துக்கொள்ளும். அதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லையே, சனியன்.

2.10.1987

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், ஜபத்துக்கு வர இருந்த ஐயரைப் பார்த்தேன். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

"தண்ணிய எதுக்குக் கொட்டினா?"

"நான் உட்கார்ந்த தண்ணீர்."

"நான் இருந்திருந்தா உம்மை அண்டா கிட்டவே விட்டிருக்க மாட்டேன். பொய் சொல்லப்படாது. ஆனா கொட்டச் சொல்லியிருக்க மாட்டேன்."

இவரிடமாவது கோபப்பட முடிகிறது. பெரியப்பாவிடம் என்ன செய்வது? அப்பா செத்தபின் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

3.1.1988

"இன்னாங்க, கொஞ்ச நாளா காலையில ஒங்க மந்திரச் சத்தமே காணோம்?" என்று கலையரசி கேட்டாள். தொண்டை சரியில்லை என்றேன். கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

27.7.1990, ஆடி வெள்ளி

தாலுகா ஆபீசில் சேர்ந்து பத்துப் பதினைந்து நாளாகிறது. புது ஒதுக்கீட்டில் எங்கள் ஊருக்குக் கிடைத்த முதல் வேலை. ஊரே திரண்டு என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனது. கலையரசி வரவில்லை. பெரியப்பா தன் கையாலேயே எனக்குப் பரிவட்டம் கட்டினார். கண் கலங்கியிருந்தார்.

"கேட்டத வாங்கிட்டோம், பாத்தியாடா?"

"ஆமாம் பெரியப்பா."

கள்ளக்குறிச்சி ஐயர்தான் அர்ச்சனைக்கு வந்திருந்தார். வயதாகிவிட்டது. மந்திரத்தில் நடுவே தடுமாறி நின்றார். அடுத்த வரி எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார்.

ஒன்றும் தெரியாதவன்போல் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பி நின்றேன். ஆபீசருக்கு எவ்வளவு பக்தி என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.