லிஃப்டுக்குள் ஓடிய படம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் சௌக்கியம்.

போன வாரம் ஓட்டல் சலவைத் துணிகளோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. கூட வந்த சமையல்கார அக்காதான் மூச்சு முட்டி அழுதாள். கப்பலில் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கும் பழைய படத்தை நீ சொல்வாயே, அதை எனக்குத் தெரிந்த அரைகுறை இந்த ஊர் பாஷையில் சொன்னேன். உன்னைப் போலவே வாயாலேயே வயலினும் வாசித்தேன். அழுகை நின்று, "அப்புறம்?" என்றாள். கதவைத் திறந்த மெக்கானிக்கிடம், "கொஞ்சம் இருங்க, புருஷன் வர்றானான்னு தெரியட்டும்!" என்றாள்.

படம் எடுத்தவர்கள்கூட உன்னளவுக்கு எடுத்திருக்க மாட்டார்கள், அம்மா.

ஆனால் முடிவு எனக்கே தெரியாது. அதற்குள் உன் மடியில் தூங்கிவிடுவேனே! உன் குரலில் பதிவு பண்ணி அனுப்பு. முடிவை மட்டும் இல்லை, முதலிலிருந்தே சொல்லு, மெதுவாக.

வேலைக்கு நேரமாச்சு, ஓடுகிறேன்.

உன் மகள்