நளீர் என்ற பெயரில் இரண்டு மவுத்து

கற்பிட்டி
09.10.2024

அன்பு மகன் ஃபாஹிமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த ஜேர்மன் குளிரில் உன் உடம்பையும் மனதையும் அவன் தளராமல் வைத்திருக்க வேண்டும். உம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடி காலில் ஒரு புண், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்டுகிறோம். தங்கச்சி ஷஃபீனாவின் வெங்காயம் மழையில் அழுகிவிட்டது, அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். இதையெல்லாம் போனில் சொல்லலாம். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தனியாக இருந்து வாசி மகன்.

உன் வக்கீல் கேட்ட பத்திரங்களுக்காகப் போன திங்கட்கிழமை பதிவுக் கந்தோருக்குப் போனேன். என் வாப்பா நளீரின் பிறப்புப் பத்திரமும் மவுத்துப் பத்திரமும் சான்றுபடுத்திய பிரதியாக வேண்டும் என்றாயே, அவர் ஜேர்மன்காரரின் மகன் என்று காட்டினால் அங்கே தங்குவதற்கான உன் வழக்கு நிமிரும் என்றாயே, அதற்காக. ஸஹ்னா என்றொரு பிள்ளை அங்கே வேலை செய்கிறாள், என்னிடம் படித்தவள், மாஸ்டர் இருங்கள் என்று கதிரை போட்டுத் தந்துவிட்டுப் பழைய புத்தகங்களைத் தேடப் போனாள். பிறப்புப் பதிவு உடனே கிடைத்தது. 1914 மே மாதம், தகப்பன் ஓட்டோ லிண்டெமன், பேக்கரியில் பாண் போடுபவர், தாய் றுக்கியா. நம் வீட்டு அலுமாரியில் கிழிந்து கிடந்த அதே பத்திரம்தான். எனக்குப் பெரிய சந்தோஷம். பிறகு மவுத்துப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு வந்தவள் உட்காராமல் நின்றுகொண்டே, “மாஸ்டர், இந்தப் பேர்ல ரெண்டு மவுத்து இரிக்கி. ஒண்டு நாலு வயசுப் புள்ள” என்றாள்.

1918 நவம்பர். நளீர், வயது நான்கு, தகப்பன் ஓட்டோ லிண்டெமன், ஊரில் இல்லை, காரணம் காய்ச்சல். அறிவித்தவர் மக்பூல், பேக்கரி வேலையாள். அதற்குக் கீழே அவருடைய கைநாட்டு. மற்றது 1987, நான் கையெழுத்துப் போட்டது, என் வாப்பாவுடையது.

உனக்குச் சொன்ன கதையைத்தான் எனக்கும் சொன்னார்கள். கப்பலில் பாண் போடுகிறவராக வந்த ஓட்டோ கொழும்பில் இறங்கி, இங்கே வந்து பேக்கரி வைத்து, இஸ்லாத்துக்கு வந்து றுக்கியாவைக் கலியாணம் முடித்தார். 1914இல் உலகச் சண்டை தொடங்கியதும் இங்கிலீஷ்காரர்கள் அவரைப் பிடித்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். பிறகு பேக்கரியில் மாவு பிசைந்த மக்பூல் றுக்கியாவை முடித்து, ஜேர்மன்காரரின் மகனைத் தன் பிள்ளை போல வளர்த்தார். இதில் அவர் வளர்த்தது ஜேர்மன்காரரின் மகனை என்பது மட்டும் பொய், மகன். ஜேர்மன்காரரின் பிள்ளை நாலு வயதிலேயே போய்விட்டது. என் வாப்பா 1920இல் மக்பூலுக்குப் பிறந்தவர்.

அன்றைக்கே சித்தி லெய்லா மாமியிடம் போனேன். மக்பூலின் கடைசி மகள் அவர்தான், தொண்ணூறு வயதிலும் புத்தி தெளிவு. பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். பிறகு சொன்னார்: “கடையும் நெலமும் செத்த புள்ளட பேர்ல. அது போன கத வெளிய வந்தா அரசாங்கம் எடுத்திரும், நாங்க தெருவுல. அதால ரெண்டு வருஷம் கழிச்சுப் பொறந்ததுக்கும் அதே பேரயும் அதே பொறப்புப் பத்திரத்தயும் வச்சாங்க. பெரிசானதும் சொல்லலாம் எண்டு எங்கட வாப்பா இருந்தாரு. பெரிசானதும் ஒங்க வாப்பா கேக்கிற ஆளா இருக்கல்ல.”

அது உண்மை. என் வாப்பா தன்னை வெள்ளைக்காரன் மகன் என்றே நினைத்து வாழ்ந்தார். மக்பூலை ஒரு நாளும் வாப்பா என்று கூப்பிட்டதில்லை, அண்ணனைக் கூப்பிடுவது போல மக்பூல் நானா என்பார், சில நாள் அதுவும் இல்லை. சொந்த மகன் நானா என்று கூப்பிட, அந்த மனிசர் ஓம் ஓம் என்று பாண் சுடும் போறணைக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தார். அவர் மவுத்தானபோது எனக்குப் பதினொரு வயது. அவரை வைத்த சந்தூக்கைத் தூக்க வா என்று ஆட்கள் கூப்பிட்டார்கள், வாப்பா போகவில்லை, அயலவரைப் போலப் பின்னால் நடந்தார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

நீ அங்கே தேடி எடுத்து அனுப்பிய ஓட்டோவின் முகாம் அட்டையை மறுபடியும் பார்த்தேன். பிள்ளைகள் என்ற இடத்தில் மகன் ஒன்று, இலங்கை என்று இருக்கிறது. அது 1919ஆம் ஆண்டு எழுதிய அட்டை. அவருக்கு யாரும் அறிவிக்கவில்லை. நேற்று அஸருக்குப் பிறகு மையவாடிக்குப் போனேன். அந்தப் பிள்ளையின் கபுறு எது என்று சொல்ல ஆளில்லை, பொதுவாக நின்று துஆக் கேட்டேன். மக்பூலுக்கும் கேட்டேன்.

உம்மா அந்தப் பிள்ளையின் மவுத்துப் பத்திரத்தை அனுப்ப வேண்டாம் என்கிறா. “மவுத்தானவங்களுக்கு விசா வேணாம், உயிரோட இரிக்கிற என்ட புள்ளக்கித்தான் வேணும்” என்று அழுதா. அவ சொல்வதிலும் பிழையில்லை. எட்டு வருஷமாக உன் முகத்தைப் போனில் மட்டும் பார்க்கிறவ அவ. நான் இரண்டு நாள் யோசித்தேன். நீ கைதூக்கிச் சத்தியம் செய்ய வேண்டிய இடம் அது, பொய் என்று தெரிந்தபின் உன்னைச் செய்யச் சொல்ல எனக்கு ஏலாது. தெரியாமல் செய்தது வேறு. நம் வயிற்றுக்காகத் தன் மகனையே இன்னொருவனுக்குக் கொடுத்த மனிசரை நானும் இல்லை என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். 1914இன் பிறப்பு, 1918இன் மவுத்து, 1987இன் மவுத்து, மூன்றும் இந்த உறைக்குள் இருக்கின்றன. மூன்றையும் வக்கீலிடம் கொடு. உன்னைத் திருப்பி அனுப்பிவிடக் கூடும் என்பது எனக்குத் தெரியும் மகன், அதைத் தெரிந்துகொண்டுதான் உறையை ஒட்டினேன். என்னில் கோபம் வந்தால் கோபப்படு, ஆனால் போனை எடுக்காமல் இருக்காதே.

அல்லாஹ் உனக்கு ஹைரானதை நாடட்டும், எந்த மண்ணில் வைத்தாலும் ஈமானோடும் சுகத்தோடும் வைக்கட்டும். இருபத்தெட்டாம் திகதி விசாரணைக்கு வெறும் வயிற்றோடு போகாதே, சுபஹ் தொழுதுவிட்டு ஏதாவது சாப்பிட்டுப் போ. இன்னொன்று. நான் இரண்டு பத்திரம்தான் அனுப்புகிறேன் என்று உம்மா நினைத்துக்கொண்டிருக்கிறா. நீ ஒன்றும் சொல்லாதே, நான்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா
நஸீர்