கூரைக்கு நீ அனுப்பிய பணம்

அன்பு மகளுக்கு,

புயல்காற்று தோட்டத் தொழிலாளர்களுக்கான நம் லயத்து வீட்டுக் கூரையைத் தூக்கிப்போனதிலிருந்து நானும் அப்பாவும் கோயில் மண்டபத்தில்தான் படுக்கிறோம். சாப்பாட்டுக்குக் குறையில்லை.

நேற்று கம்பெனி மேனேஜரைப் பார்த்தோம். "ரப்பர் தோட்டத்தயே மூடியாச்சு லா. நீங்க இப்போ எங்க ஆளுங்க இல்ல. அரசாங்கத்தக் கேளுங்க," என்றார். அரசாங்க அலுவலகத்தில் கேட்டால், நிலம் கம்பெனியுடையது, கம்பெனிதான் கட்டித்தர வேண்டும் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

காம்பார் ஊரில் உன் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய கடனை நீ கூரைக்கு அனுப்பியதை அப்பாவிடம் சொன்னேன்.

"வேணாம். பிள்ள காசுல கூரை போட்டா, அவனுங்க ரெண்டு பேருக்கும் நிம்மதியா போயிரும். கட்ட வேண்டியவன் கட்டட்டும்," என்றார்.

பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

நாளை லயத்துக்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து மறுபடி மேனேஜரிடம் போகிறோம். இந்த இருமலோடு வெயிலில் நிற்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவரோ நாளைக்குப் போட சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவராதே. தீபாவளிக்கு வா. அதற்குள் கூரை வந்துவிடும் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. இல்லாவிட்டாலும் வா.

உன் அம்மா