பெலினூசாவுக்குப் போன நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

பிரேயஸ், செப்டம்பர் 21, வியாழன்

தலைவர் காலையிலிருந்து ஃபோனை விடவில்லை. பெலினூசாத் தீவுக்குத் தலைவராக இருக்கிறவர் தீவிலேயே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் கணவர் தியோஃபானிஸ் அதைப் பதினாறு வருஷமாக நிரூபித்துக்கொண்டிருக்கிறார். கோடையில் இரண்டு மாதம் தீவு. மீதி பத்து மாதம் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில், எங்கள் பெயிண்ட் கடைக்கு மேலே இந்த மூன்றாவது மாடி.

ஓட்டுப் போடுகிறவர்களும் இப்படித்தான். பட்டியலில் இருநூறு பேர் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் தீவில் அடுப்பு எரிகிற வீடுகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். மற்றவர்கள் ஏதென்ஸில் டாக்ஸி ஓட்டுகிறார்கள், பல் பிடுங்குகிறார்கள், பென்ஷன் வாங்குகிறார்கள். தேர்தல் ஞாயிறு வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஊர்ப்பாசம் பொங்கும். கப்பலேறி வந்து ஓட்டுப் போடுவார்கள், ஆட்டுக்கறி தின்பார்கள், அடுத்த கப்பலில் திரும்பிவிடுவார்கள். டிக்கெட்டும் தலைவருடையது, ஆடும் தலைவருடையது. சமைப்பது மட்டும் நான்.

செப்டம்பர் 22

துறைமுகத்துக்குத் தூசி தட்டினேன்.

எங்கள் கூடத்து மேசைமேல் இருக்கிற புதிய துறைமுகத்தைத்தான் சொல்கிறேன். சாந்தில் செய்த சின்ன மாதிரி வடிவம். அலையைத் தடுக்கிற சுவர், விளக்குக் கம்பம், தீப்பெட்டி அளவில் ஒரு கப்பல். ஆய்வு நடக்கிறது, கோப்பு அமைச்சகத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவார். பதினாறு வருஷத்தில் இந்தக் கப்பல் ஒரு நாள்கூடக் கரை பிடிக்கத் தவறியதில்லை.

செப்டம்பர் 25

தீவிலிருந்து அன்னேசா பேசினாள். ரொட்டிச் சூளை அவளுடையது. ஊர் வம்பும் அங்கேதான் வேகும்.

“உன் வீட்டுக்காரர எதுத்து யாரு நிக்கிறான்னு சொல்லு பாப்போம். ஸ்கேவோஸ்டீ!”

ஸ்கேவோஸ் எங்கள் தீவின் கப்பல் துறையில் கயிறு பிடிக்கிறவன். கப்பலிலிருந்து எறிகிற கயிற்றைப் பிடித்து இரும்புக் குற்றியில் மாட்டுவான். மீதி நேரத்தில் மீன்.

நான் சொன்னதும் தலைவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “கயிறு பிடிக்கிறவனா? தீவுல இருக்கிறது முப்பத்தாறு ஓட்டு பிலியோ. பதினெட்டு நமக்கு, பதினெட்டு அவனுக்கு, அதுல அவனோடதும் ஒண்ணு. வச்சுக்கட்டும். நான் கப்பல்ல நூத்துப் பன்னெண்டு கொண்டுட்டுப் போறேன்.”

நான் சிரிக்கவில்லை. ஜனவரி ஞாபகம் வந்தது. என் தம்பி லினார்தோஸுக்குக் குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலை. தெற்குக் காற்று. கப்பல் வந்தது, துறையை நெருங்க முடியாமல் போனது. மறுநாளும் வந்தது, போனது. மூன்றாம் நாள் ஸ்கேவோஸ் தன் மீன்படகில் அவனைப் போர்வையில் சுற்றிப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரி இருக்கிற நக்ஸோஸ் தீவுக்குக் கொண்டுபோனான். ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் நான் இந்த மேசைக்குப் பக்கத்தில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைவர் அன்று எங்கே? இங்கே பிரேயஸில், தீவுச் சங்கத்தின் புத்தாண்டு விருந்தில், துறைமுகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, “பேச்சு நல்லா எடுபட்டுச்சு” என்றார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? யாரிடம் சொல்ல?

அக்டோபர் 2

கப்பலில் வருகிறவர்கள் பட்டியல் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. பல் டாக்டருக்கு ஜன்னலோரம் வேண்டுமாம். ஒருத்திக்கு நாயோடு அறை வேண்டும். நாய்க்கும் ஓட்டு இருக்கிறதா என்று கேட்டேன். தலைவர் முறைத்தார்.

அக்டோபர் 5, வியாழன். பெலினூசா

நான் முன்னாலேயே வந்துவிட்டேன். ஒன்பது ஆடு, நூற்றுக்கு மேல் வயிறு. கடைசி நாளில் வந்தால் முடியாது. கடல் தட்டுப்போல் இருந்தது. ஸ்கேவோஸ்தான் கயிறு பிடித்தான், என் மூட்டைகளையும் இறக்கினான்.

“என்னக்கா, என்னைத் தோக்கடிக்க இவ்ளோ கறியா?”

“எலும்பு உனக்குத் தரேன்டா.”

“உருளைக்கிழங்கும் சேத்துக் குடு.”

அக்டோபர் 7, சனி

தெற்குக் காற்று வருமாம். தலைவர் மூன்று முறை கூப்பிட்டார். காற்றின் அளவு எட்டு என்ற எண்ணைத் தொட்டால் பிரேயஸில் கப்பலை அவிழ்க்க விடமாட்டார்கள். “ஏழுன்னு சொல்றான் பிலியோ! ஏழு! புனித நிக்கோலாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டேன்.”

அவிழ்க்க ஏழு சரி. இங்கே கட்டுவதற்குத் தெற்கில் ஏழு ஆகாது. இது இங்கே குளிர்காலம் கழித்த கோழிக்குக்கூடத் தெரியும். அவர் வருவது ஜூலையில். ஜூலைக் காற்று வடக்கிலிருந்து அடிக்கும், மலை தடுத்துவிடும். பதினாறு வருஷத் தலைவருக்குத் தன் தீவின் தெற்குக் காற்று தெரியாது.

சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமையே கிளம்பச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

அக்டோபர் 9, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மதியம் ஒன்றரைக்குக் கப்பல் முனையைச் சுற்றி வந்தது. கறி சூளையில். ஊரே துறையில். கப்பலின் மேல்தட்டு முழுக்க நம் ஆட்கள், கொடி, பாட்டு. கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் யார் கையசைக்கிறார்கள், யார் வாந்தி எடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

கப்பல் பின்பக்கமாக நெருங்கியது. கயிறு பறந்து வந்தது. காற்று அதைத் தூக்கித் தண்ணீரில் போட்டது.

இரண்டாம் முறை ஸ்கேவோஸ் பிடித்துவிட்டான். பிடித்து இழுக்கும்போது ஓர் அலை துறைமேல் ஏறி அவன் காலை வாரியது. முழங்கால் கிழிந்து ரத்தம். கயிற்றை மட்டும் விடவில்லை. குற்றிக்கு ஒரு முழம் இருக்கையில் கப்பல் திரும்பிவிட்டது. விடு விடு என்று மேலிருந்து கத்தினார்கள். விட்டான்.

என் ஃபோன் அடித்தது. தலைவர், மேல்தட்டிலிருந்து.

“வேணும்னே விடுறான்! நான் கண்ணால பாக்குறேன்! நம்ம ஓட்ட எறங்க விடமாட்டேங்கிறான்! நீ வீடியோ எடு பிலியோ, கோர்ட்ல காட்டலாம்!”

மூன்றாம் முறை ஸ்கேவோஸ் துறையின் நுனிக்கே போய்விட்டான். அலை வந்தது. அலை போனபோது அவன் அங்கே இல்லை. லினார்தோஸும் இன்னும் இருவரும் சட்டையைப் பிடித்து இழுத்து மேலே போட்டார்கள். ஒரு செருப்பு போயிற்று. எழுந்து நின்று, கப்பலைப் பார்த்து இன்னொரு தடவை வா என்று கை காட்டுகிறான்!

“டேய், பைத்தியமா நீ?” என்று தம்பி கத்தினான். “அது உன்னத் தோக்கடிக்க வர்ற கப்பல்டா!”

“எங்க அக்கா அதுல இருக்கா. எனக்குப் போட மாட்டா, அது வேற. வாந்தி எடுத்தே செத்துருவாடா, பாவம்.”

காதில் தலைவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். எடுத்தியா, எடுத்தியா? எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. “இங்க சிக்னல் இல்ல” என்று சொல்லிவிட்டு அணைத்தேன்.

கேப்டன் மூன்று முறை ஊதினார். கப்பல் அடுத்த தீவான அமோர்கோஸ் பக்கம் போனது. பாட்டு நின்றுவிட்டது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு ஓட்டும் பெலினூசாவைப் பார்த்துக் கையசைத்தபடியே போய்ச் சேர்ந்தன.

நான் ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நிற்கிற இருவர் பேருக்கும் ஒவ்வொன்றாய் இரண்டு சீட்டும் ஓர் உறையும் கொடுத்தார்கள். திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கையெல்லாம் எண்ணெய், பாவாடையில் துடைத்துக்கொண்டேன். ஒன்றை உறையில் போட்டேன், மற்றதைக் குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு கறி கருகிவிடும் என்று ஓடிவந்தேன்.

ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். ஸ்கேவோஸுக்குப் பத்தொன்பது, தலைவருக்குப் பதினெட்டு.

ஒன்பது ஆட்டையும் முப்பத்தேழு பேர் தின்றோம். இன்றும் தின்கிறோம். “தோத்தவர் வீட்டு விருந்துதான்டீ ருசி” என்றாள் அன்னேசா. ஸ்கேவோஸ் ஒற்றைச் செருப்போடு வந்து, எலும்பு வாங்க வந்தேன் என்றான். தொடைக்கறியாகப் பார்த்துப் போட்டேன்.

அக்டோபர் 10

தலைவர் இன்னும் அமோர்கோஸில். நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவரிடம்தான் மதியச் சாப்பாடு கேட்கிறார்களாம்.

பிரேயஸ், அக்டோபர் 16

வீடு. தலைவர் கடைக்குக்கூட இறங்குவதில்லை. ஃபோனும் அடிப்பதில்லை.

அக்டோபர் 19

இன்று தலைவர் கூடத்து மேசையில் உட்கார்ந்தார். துறைமுகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தீவில் இருந்தவர்களின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதினார். துரோகியைக் கண்டுபிடிக்கிறாராம். நான் எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டார். நம் பதினெட்டுப் பேரும் அன்னை மரியாள்மேல் ஆணையிட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

“அவனுக்குப் பதினெட்டு, நமக்குப் பதினெட்டு. முப்பத்தாறுதான வருது? பெட்டியில முப்பத்தேழு இருந்திருக்கு! செத்தவன் எவனோ வந்து போட்டிருக்கான்!”

“நல்லா யோசிச்சுப் பாருங்க தலைவரே” என்றேன்.

விரல்விட்டு மறுபடி எண்ணினார். பாதிரியார், அன்னேசா, என் தம்பி, கலங்கரை விளக்குக்காரர். எண்ணி முடித்துப் பென்சிலைக் கீழே போட்டார்.

“ஒரு ஆள் குறையுதே பிலியோ. யாரது?” என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.